காய்ச்சல் விட்ட பிறகு

துளசியின் செய்தி வந்தபோது குருநகரில் எங்கள் வீட்டு முற்றத்தில் தேங்கிய மழைத்தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்களோடு படிக்கும் நிரோஜன் தொலைபேசியில், "துளசி எங்களை விட்டிட்டுப் போட்டாள்" என்றான். நம்பவில்லை. முதல்நாள்தான் குரல்பதிவு அனுப்பியிருந்தாள்: "காய்ச்சல் விட்டிட்டுது. வயிறுதான் கொஞ்சம் நோகுது. நாளைக்கு வாறன்."

அவளோடு கணிதம் படித்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பரீட்சைக்கு முன் மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் குப்பி வகுப்பை எங்களுக்கு நடத்தியவள் அவள்தான். உடுப்பிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடுவாள். அவள் இல்லாவிட்டால் நான் முதல் வருடத்திலேயே மூட்டை கட்டியிருப்பேன்.

ஒருநாள் கரும்பலகையில் ஓர் எண்தொடர். எண்கள் குறைந்துகொண்டே வந்தன. "பூச்சியத்துக்குத்தான் போகுது, விடு" என்றேன். சோக்கை என் கையில் தந்தாள். "நாலு உறுப்பைப் பாத்திட்டு முடிவு சொல்லாதை. அங்காலை என்ன செய்யுமெண்டு நிறுவு." நாலுக்கு அப்பாலும் எழுதிக்கொண்டே போனேன். இறங்கிவந்த எண்கள் ஓரிடத்தில் திரும்பி ஏறத் தொடங்கின, பிறகு நிற்கவேயில்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

கடைசிக் குப்பிக்கு அவள் வந்தபோதே கண் சிவந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "சோதினை முடியட்டும்" என்றாள். ஜன்னலுக்குக் கீழே கழிவுநீர்க் கானில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

செத்தவீட்டில் அவளுடைய அம்மா என் கையை விடவில்லை. "காய்ச்சல் விட்டதெல்லே பிள்ளை? நான் தொட்டுப் பாத்தனான், குளிர்ந்துதானே இருந்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எங்களை அப்படி அதட்டியவளே தன் காய்ச்சலுக்கு முடிவு சொல்லிவிட்டாள். அதை நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது.

இப்போது என் அப்பாவுக்குக் காய்ச்சல். இன்று காலை அதுவும் விட்டுவிட்டது. நாளைக்குக் கடலுக்குப் போகலாம் என்று வலையை எடுத்து வைத்திருக்கிறார். அம்மா நிம்மதியாகச் சோறு வடிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. துளசியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கண்டிப்புத்தான்: அங்காலை என்ன செய்யுமெண்டு நிறுவு. ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டேன், அது வரும்வரை இதை எழுதுகிறேன்.

"வேறை ஏதும் செய்யுதோ அப்பா?" என்று சற்றுமுன் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. வயிறுதான் கொஞ்சம் நோகுது" என்றார்.