தங்க எழுத்துக்குள் ஒரு தம்பதி

என் மேலதிகாரியை எனக்குப் பிடிக்காது. ஆக்லாந்தில் ஒரு நூலகத்தின் பழஞ்சுவடிப் பிரிவு அவள் கையில் இருக்கிறது. சுவடிகளைப் படமெடுத்து விவரம் எழுதுவது என் வேலை. நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் மூக்கைச் சுளித்தபடியேதான் படிப்பாள்.

டிசம்பரில் ஒரு கண்காட்சிக்காக ஐரோப்பியத் திருச்சபைச் சட்ட நூல் ஒன்றின் ஒற்றை ஏட்டை எடுத்தோம். கன்றுத்தோலில் எழுதியது, பல நூறு வருடப் பழசு. ஒரு வழக்கு தொடங்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான முதலெழுத்து. எழுத்து நீலம், உள்ளே தங்க ரேக்கு ஒட்டிய பின்னணி. அதில் ஓர் ஆண், ஒரு பெண், நடுவில் கோலோடு ஒரு பிஷப். இருவரும் நெருங்கிய உறவு, கல்யாணம் செல்லாது என்று பிரித்து வைக்கிறார். வரைந்தவன் என்ன நினைத்தானோ, பிஷப்பின் அங்கிக்குக் கீழே இருவர் கையும் கோத்தபடியே இருக்கிறது. அதை முதலில் கவனித்தது நான்தான்.

டீ நேரத்தில் ஒருவர், எவ்வளவு நெருங்கிய உறவு என்று கேட்டார். மாமா பையன், அத்தை பெண் அளவுக்குத்தான் என்றேன்.

"சீ, நினைச்சாலே குமட்டுது" என்றாள் மேலதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் கணவர் என் தாய்மாமன் மகன். எங்கள் ஊரில் அது முறை மாப்பிள்ளை. யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். இங்கே வந்து நாலு வருடத்தில் ஒருவரிடமும் நான் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

விளக்க அட்டையில், "பிரித்த பிறகும் கையை விடாத இருவர்" என்று எழுதியிருந்தேன். அவள் அதை அடித்துவிட்டு, "இழிவான உறவிலிருந்து ஒரு பெண்ணை மீட்கும் பிஷப்" என்று எழுதினாள். விவரம் எழுதியவர் பெயரை அட்டையின் அடியில் போடுவது வழக்கம். என் பெயரை அப்படியே விட்டுவிட்டு, சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள். கையெழுத்துப் போட்டேன்.

திறப்பு நாளன்று கணவர் ஆல்பனியில் இருக்கும் தன் அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். நான் இரண்டு வருடம் மாரடித்த வேலையைப் பார்க்க அவ்வளவு ஆசை அவருக்கு. அந்த ஏட்டின் முன் வெகுநேரம் நின்று அட்டையையும் படித்தார். மேலதிகாரி பல்லெல்லாம் தெரிய வந்து, "நீங்க ரெண்டு பேரும் எங்க சந்திச்சீங்க?" என்று கேட்டாள்.

"சந்திக்கவே வேணாம். இவ பிறந்தப்பவே தெரியும். இவங்க அம்மா எங்க அப்பாவோட தங்கச்சி" என்றார் அவர், நிதானமாக.

அவள் முகம் கன்றிப்போனது. நன்றாக வேண்டும் என்று உள்ளுக்குள் கொக்கரித்தேன்.

ரானுயியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அவர் கேட்டார்: "அந்த அட்டையை யார் எழுதினது?"

"அவதான். என் வரியை அடிச்சுட்டா, திமிரு பிடிச்சவ."

"கீழ உன் பேரு இருக்கே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அவ கேட்டப்ப நீ என்னை ஒரு பார்வை பார்த்தியே, வாயைத் திறந்துடாதேன்னு. பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

மறுநாள் நூலகம் திறக்குமுன் போய், மேலதிகாரியிடம் அட்டையை மாற்றச் சொன்னேன். அச்சாகிவிட்டது, முடியாது என்றாள். "அந்த எழுத்துக்குள்ள நிக்கிறது நானும் என் புருஷனும்தான். என் பேரோட இது இருக்காது" என்று சொல்லிவிட்டு, ஏட்டை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையை அவள் கண்ணெதிரே பிய்த்தெடுத்தேன். அதற்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. வரட்டும்.

அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

முன்பெல்லாம் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பார். இப்போது கை இரண்டும் கால்சட்டைப் பைக்குள் இருக்கின்றன. கேட்டால், குளிருது என்கிறார். இது ஜனவரி, ஆக்லாந்தில் நல்ல கோடை.