ஆறு மணி பஸ்ஸில் போகிற ஈரக்காலி

என் மருமகள் பேய்க்கதை சொல்லுவாள் என்பது, அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் குவைத்திலிருந்து, வாட்ஸ்அப்பில்.

அங்கே ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் அவள் நர்ஸ். என் மகனுக்கு இங்கே மணவாளக்குறிச்சியில் மணல் ஆலையில் ஷிப்ட் வேலை. என் மனைவி காலமாகிவிட்டாள். ஆகவே மூன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தி, நாலேகால் மணிக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கினால் அவள் அப்பா வரும்வரை தாத்தாவான என் பொறுப்பு; அவளுக்கு நான் ‘பாட்டா’. இறங்கியதும் பையைத் திறந்து எண்ணிப் பார்ப்பேன். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, இரண்டு காலுறை. கணக்குப் பிரிவில் வேலை பார்த்ததால் வந்த பழக்கம் என்று மகன் சொல்லுவான். அப்படி இல்லை. பழக்கம் முதலில் வந்தது, வேலை பிறகுதான் வந்தது.

நான் எண்ணியவற்றில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்று உண்டு. போன லீவுக்கு மருமகள் வந்தபோது, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பேத்தி என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். முப்பது நாள் லீவில் பதினெட்டு நாள், தாயிடம் ஒட்டுவதற்கே போய்விட்டது. ஒட்டிப் பன்னிரண்டாம் நாள் தாய் விமானம் ஏறிவிட்டாள். அதன்பிறகு வீடியோ கால் வந்தால் பேத்தி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளுவாள். பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தால் கிடைப்பது இரண்டு ‘ம்’.

“சாப்பிட்டியா மக்களே?” என்பாள் தாய். பிள்ளையை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“ம்.”

“படிச்சியா?”

“ம்.”

“அம்மையத் தேடுதா?”

இதற்கு ‘ம்’ கிடையாது. எழுந்து போய்விடுவாள். மருமகள் அந்தப் பக்கம் சிரித்தபடியே இருப்பாள். பேத்தி போன பிறகும் அந்தச் சிரிப்பைக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்திருப்பாள். அடுத்த லீவு டிசம்பரில். அப்போதும் பிள்ளை வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தால் இந்தப் பெண் தாங்குவாளா என்பதுதான் எனக்கு இரவும் பகலும் கவலை.

ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்தில் முதல் குரல் செய்தி வந்தது. “மாமா, இத அவளுக்குப் போட்டுக் குடுங்க. நீங்க கேக்காண்டாம்” என்று ஒரு முன்குறிப்பு வேறு. என் போனில் வருவதை நான் கேட்காமல் எப்படி? கேட்டேன்.

“மக்களே, நம்ம மாடிப்படிக்கு அடியில செருப்பு கெடக்குல்லா? அதில ஒரு சோடி அப்பாக்கது இல்ல. பாட்டாக்கது இல்ல. உனக்கதும் இல்ல. இது யாருக்கதுன்னு ஒரு நாளாவது யாராவது கேட்டாவளா? கேக்கமாட்டாவ. ஏன் தெரியுமா? கேட்டா, உள்ளவ வந்து பதில் சொல்லுவா.”

பிறகு பேச்சு நின்றுவிட்டது. எங்கோ குழாய் சொட்டும் சத்தம் மட்டும். நர்சுகள் ஓய்வெடுக்கும் அறையில் குழாயை லேசாகத் திறந்து வைத்திருக்கிறாள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பத்து சொட்டுக்கு மேல் நான் எண்ணினேன். அதற்குப் பிறகு, மிகவும் தணிந்த குரலில்:

“நீ போயி அந்தச் செருப்பத் தொட்டுப் பாரு. ஈரமா இருந்தா மட்டும் எனக்குச் சொல்லு. காஞ்சு கெடந்தா சொல்லாண்டாம்.”

போனை வைத்துவிட்டுப் படிக்கு அடியில் போய் எண்ணினேன். இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஏழு சோடி. அதில் நீல நிற ரப்பர் செருப்பு ஒன்று, சத்தியமாக யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டுப் பார்க்கவில்லை. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

சாயங்காலம் பேத்தி மரச்சீனிக் கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். மெல்லுவது நின்றது. குழாய்ச் சத்தம் வந்தபோது என் முழங்கையைப் பிடித்தாள். முடிந்ததும் எழுந்து போனாள், வந்தாள்.

“பாட்டா, அம்மைக்குப் பேசணும். அமுக்குங்க.”

மைக் பொத்தானை அமுக்கினேன். “லேசா ஈரமா இருக்கு” என்றாள். மூன்றே வார்த்தைகள். ஆனால் நான் இழுத்து வராமல், அவளாக எழுந்து வந்து சொன்ன மூன்று வார்த்தைகள்.

அந்தச் செருப்புக்காரிக்கு மறுநாளே ஈரக்காலி என்று பெயர் வந்தது. வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் நடப்பாள், நடந்த இடம் நனைந்திருக்கும். ஒவ்வொரு கதையும் எங்கள் வீட்டிலேயே ஓர் இடத்தில் வந்து நிற்கும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், ஜன்னல் திரைக்கு அடியில், மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாளில். போய்ப் பார்த்துச் சொன்னால்தான் மேற்கொண்டு கதை. தாயும் மகளும் பேசவேண்டும் என்று மருமகள் எங்கும் கேட்கவில்லை. ஈரக்காலிக்குத் தகவல் வேண்டும், அவ்வளவுதான். வீட்டை விட்டு அத்தனை தூரம் போன பெண், எந்தத் தாழ்ப்பாள் இறுகும், எந்த ஓடு ஆடும் என்று அத்தனையையும் மனதில் வைத்திருந்தாள். இங்கேயே குடியிருக்கும் எனக்கு அதில் பாதி தெரியாது.

ஆனால் பேத்தி தனியாகக் குளியலறைக்குப் போவது நின்றுபோயிற்று. நான் வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். சும்மா நிற்கமுடியாமல் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். ஒரு வாரத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மருமகளுக்கு விவரமாக எழுதினேன். யாரும் சாகக்கூடாது. குளியலறைப் பக்கம் பேய் வரக்கூடாது. ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம், அதற்கு முன்னால் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் பேய்க்கதையில் என்ன மிஞ்சும்? கதை இதோடு நிற்கும் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

“சரி மாமா” என்று இரண்டு வார்த்தையில் பதில் வந்தது. மறுநாள் கதையும் வந்தது.

“மக்களே, ஈரக்காலி செத்தவன்னு நெனச்சியா? அவ சாவல்ல. நனைஞ்சா, அவ்வளவுதான். இன்னும் காயல்ல.”

எனக்கே பயம் வந்துவிட்டது. செத்தவள் என்றாலாவது ஒரு நிம்மதி இருந்திருக்கும். குளியலறைக்கு அவள் வரமாட்டாளாம். டைல்ஸில் வழுக்கும், ஈரக்கால்காரிக்கு அங்கேதான் பயம். ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசல் வழியாகக் கடியப்பட்டணம் பஸ் போகும். அதில் ஏறி ஊருக்குப் போய்விடுவாள், மறுநாள் நாலு மணிக்குத்தான் திரும்புவாள்.

அன்றிலிருந்து ஆறு மணிக்கு நானும் பேத்தியும் கேட்டுக்கு வெளியே நின்றோம். பஸ் போனதும் பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே போவாள். குளியலறை, வீட்டுப்பாடம், ஜெபம், சாப்பாடு, தூக்கம், எதற்கும் துணை வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயத்தைக் கொடுக்கிறவர்கள், அது திரும்பிப் போக ஒரு வண்டியையும் ஏற்பாடு செய்யவேண்டும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. ஊசிக்குப் பயந்த பிள்ளைகளை நாள் முழுவதும் பார்க்கிறவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரு நாள் பிள்ளையைச் சீண்டிப் பார்த்தேன். “ஏட்டி, அவளுக்கு டிக்கெட் யாரு எடுப்பா?”

“பொம்பளைக்கு ஓசிதானே பாட்டா. இதுகூடத் தெரியாதா?”

அக்டோபர் மழைக்குள் பேத்தியின் பதில்கள் அம்மாவின் கதையைவிட நீண்டுவிட்டன. பார்த்ததைச் சொன்னவள், பாராததையும் சொல்லத் தொடங்கினாள். ஒரு மழை நாளில் கேட்டிலிருந்து ஓடிவந்து போனை வாங்கினாள்.

“அம்மா, இன்னைக்கு அவ பஸ்ஸுல ஏறல்ல.”

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. “ஏறல்லியா? ஏட்டி, அப்போ எங்க போனா?”

“நாளைக்குச் சொல்லுதேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம் கழித்து மருமகள் எனக்கு நேராக போன் செய்தாள்.

“மாமா, எங்க போனான்னு உங்ககிட்டயாவது சொன்னாளா?”

“எங்கிட்ட சொல்லல்லியேம்மா.”

“வார்டுல ஒரு வேலையும் ஓடல்ல மாமா” என்றாள். உண்மையில் பயந்திருந்தாள். அதைவிட உண்மையாகச் சந்தோஷமாக இருந்தாள்.

எனக்குக் கவலை முழுதாகத் தீரவில்லை. போனில் குரலோடு பேசுவது வேறு, எதிரில் ஆள் வந்து நிற்பது வேறு. டிசம்பரில், மகனுக்கு ஷிப்ட் என்பதால் நானும் பேத்தியும் மட்டும் வாடகைக் காரில் ஏறும்போது, அவள் அந்த நீலச் செருப்பை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அழுக்குச் செருப்பை விமான நிலையத்துக்கு யாராவது கொண்டுவருவார்களா என்று கேட்டேன். “வேணும்” என்றாள்.

வெளியே வந்த தள்ளுவண்டிகளில் இருபத்து மூன்றாவது மருமகளுடையது. பெட்டிகளின் மேல் அவளுடைய செருப்பு இருந்தது. வெறுங்காலோடு நடந்து வந்தாள். கழிவறையில் காலை நன்றாக நனைத்திருக்கிறாள். பளபளப்பான தரையில் அவளுக்குப் பின்னால் ஈர அடிகள் ஒவ்வொன்றாகப் படிந்துகொண்டே வந்தன. காவலாளி மலையாளத்தில், “சேச்சி, தறையில வெள்ளம்!” என்று கத்தினார். வழுக்கி விழப்போகிறாளே என்று எனக்குக் கவலை.

பேத்தி என் வேட்டியைப் பிடித்தாள். போயிற்று, இந்தத் தடவையும் பதினெட்டு நாள் என்று நினைத்தேன்.

பிடி தளர்ந்தது. கண்ணை அந்தக் கால்களிலிருந்து எடுக்காமல் நடந்து போனாள். கவரிலிருந்து செருப்பை எடுத்துத் தாயின் முன்னால் வைத்தாள்.

“போடு.”

மருமகள் போட்டாள். அளவு சரியாக இருந்தது.

“உனக்கதா?”

“எனக்கது போலத்தான் இருக்கு. பயமாட்டு இருக்கா மக்களே?”

“கொஞ்சம்” என்றாள் பேத்தி. சொல்லிக்கொண்டே தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆறு மணிக்குப் போயிருவியா?”

மருமகள் குனிந்து பிள்ளையின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, “இன்னைக்குப் போகமாட்டேன்” என்றாள்.

காரில் நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்சீட்டில் இருவரும் ஈரக்காலி அன்றைக்கு எங்கே போனாள் என்று விவாதித்துக்கொண்டு வந்தார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பேத்தி தனியாகக் கேட்டுக்கு ஓடினாள். நான் போவதற்குள் பஸ் வந்துவிட்டது. எங்கள் வாசலில் அது வேகம் குறைத்தபோது, கையை வீசி டிரைவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

“அண்ணே, இன்னைக்கு ஆளு இல்ல. நீங்க போங்க.”