உப்பு போட்ட கிட்டார்

"அது தோல் நாத்தம், ஊருக்கே இருக்கிற—"

"தோல் நாத்தம் எனக்குத் தெரியாதா? இது புண்ணு—"

"பேசவிடு கிரேஸி. பாலாத்துப் பக்கமிருந்து காத்து—"

"காத்து இன்னா, கிட்டார் ஓட்டைக்குள்ளேருந்தா வருது?"

இது நடந்தது. நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1998, ஆகஸ்ட் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு பத்து. புருஷனும் பெண்டாட்டியும் சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்ட கை காயாத நேரம். ஆம்பூர் வெயில் வாசல் வரை வந்து நின்றது. பேய் வருகிற பொழுதா அது?

ஜெயகரன் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது ஆடு, இது கன்று, இதில் உண்ணி கடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த விரல் நுனிகள்தான் அந்த வீட்டுக்குச் சோறு. கிரேஸி நர்ஸ். பதினோரு வருஷமாகச் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். அவர் மூக்கு ஒரு விதமாகப் பழகியது, அவள் மூக்கு வேறு விதமாக. சண்டையே அதனால்தான்.

கிட்டாரும் லேசுப்பட்டதில்லை. அறுபதுகளில் ஜெர்மனியில் செய்த பேஸ் கிட்டார். நாலு தடித்த கம்பி. வயிறு வயலின் மாதிரி உள்ளே வெறுமை, மேலே இரண்டு பக்கமும் வளைந்து நீண்ட ஓட்டை. நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கறுப்பு. திருகுகளைச் சுற்றி முத்துச்சிப்பி போல ஒரு பட்டை. ஆம்ப்ளிஃபயரில் மாட்டாமல் தட்டினாலே சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காரும். கவுஸ் பாஷாவின் பழைய சாமான் கடையில் பார்த்த அன்றே ஜெயகரன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "தோஸ்த், இந்த மாதிரி மரம் இனிமே வராது" என்றாராம் பாஷா. அது பொய்யில்லை.

வந்து மூன்று வாரம். தினமும் காலையில் கம்பிகளின் மேல் ஒரு படலம் இருக்கும். வெள்ளையாய், வழவழவென்று, ஆறின கஞ்சியின் ஆடை மாதிரி. ஜெயகரன் துடைப்பார். மறுநாள் மறுபடி. நகத்தால் வழித்தால் சுருண்டுகொண்டு வரும். கை எண்ணெய் என்பார். அதே துணியில்தான் கண்ணாடியையும் துடைப்பார். கிரேஸி அந்தத் துணியைத் தொடமாட்டாள்.

"தூக்கிப் போடுங்க அதை."

"இதையா? என் கையை வெட்டிப் போடச் சொல்லு."

"ராத்திரி சோறு எறங்கல எனக்கு."

"இரு. உப்பு போடறேன். ஈரத்தை இழுத்துக்கும். பச்சைத் தோலுக்கு நாங்க அதான் செய்யறோம்."

"அது மரங்க."

"எதுவா இருந்தா இன்னா."

இரண்டு முப்பத்தைந்துக்கு, கல்லுப்பு இரண்டு கை அள்ளி ஓட்டை வழியே போட்டார். ஒரு குலுக்குக் குலுக்கிச் சுவர் ஆணியில் மாட்டினார். கரண்ட் போயிற்று. இருவரும் வெறுந்தரையில் படுத்தார்கள்.

மூன்று இருபது.

சொட்...

குழாய் என்று நினைத்தாள் கிரேஸி. போய்ப் பார்த்தாள். குழாய் இறுக்கமாக மூடியிருந்தது.

சொட்... சொட்...

கிட்டாரின் ஓட்டையிலிருந்து வந்தது. பழுப்புத் தண்ணீர். நுரையோடு. தேன் நிற மரத்தில் கோடு போட்டு இறங்கி, தரையில் ஒரு தட்டளவு தேங்கியிருந்தது. அதில் மயிர் மிதந்தது.

ஜெயகரன் எழுந்து வந்தார். குனிந்து முகர்ந்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் முகம் கோணியது.

"உப்பு போட்டா மரம் தண்ணி விடாது."

"பின்ன?"

"தோல்தான் விடும்."

டும்...

தடித்த கம்பி. யாரும் தொடவில்லை.

டும்...

ஜெயகரனுக்கு வாசிக்கிறவன் கைப்பழக்கம். சத்தத்தை நிறுத்த ஓடிப்போய்க் கம்பியை இடது கையால் அமுக்கினார். மோதிர விரல்.

ஒட்டிக்கொண்டது.

இழுத்தார்.

விரல் வந்துவிட்டது. தோல் வரவில்லை.

நுனியிலிருந்து முதல் கணு வரைக்கும், கழற்றிய உறை மாதிரி, கம்பியிலேயே நின்றது. ரேகையோடு.

ரத்தம் இல்லை.

"வலிக்கல கிரேஸி," என்றார்.

அவள் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்தபோது கம்பி சுத்தமாக இருந்தது.

அன்று மாலை ஐந்தரைக்கு அவளே கிட்டாரைக் கவிழ்த்து, உப்பைக் கொட்டி, டெட்டால் போட்டுத் துடைத்தாள். எரிக்க நினைத்தாள். அவர் விடவில்லை. அழுதார். யாராவது வாசிக்கட்டும், அழிக்காதே என்றார். மூன்று வாரமாக அதையே பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தவன் ஒருத்தன் உண்டு, சர்ச் பாட்டுக்குழு பிரேம்நாத். அவன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"நெஜமாவாக்கா? அண்ணன் எப்படி விட்டாரு?"

"அவருக்குக் கையில புண்ணு. நீ வாசி."

அவன் ஓட்டையில் மூக்கை வைத்தான். "ஏதோ வாசனை..."

"தோல் நாத்தம்பா. ஊருக்கே இருக்கிறதுதானே." சொல்லும்போது தன் வாய் தனக்கே நாறியது.

புதன்கிழமை காலை பத்து இருபது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிற அறை. ஜெயகரனின் விரலைக் கிரேஸி ஊசியால் தொட்டாள். தெரியவில்லை என்றார். இன்னும் அழுத்தினாள். தெரியவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மரியம்மாள். ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த வார்டு வேலைக்காரி. தோல் போன விரலையே குனிந்து பார்த்தாள்.

"ஜெர்மன் கிட்டாராம்மா?"

கிரேஸி நிமிர்ந்தாள்.

"என் வீட்டுக்காரருது. தேவசகாயம்னு பேரு. தோல் ஷாப்ல, மயிர் போகத் தோலை ஊற வைக்கிற சுண்ணாம்புத் தொட்டி வேலை. மிஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரரு ஊருக்குப் போறப்ப இவருகிட்ட குடுத்துட்டுப் போனாரு. தொண்ணூத்தொண்ணுல தொட்டியில வழுக்கி விழுந்துட்டாரும்மா. மூணாம் நாள்தான் எடுத்தாங்க."

கிரேஸி ஊசியைக் கீழே வைத்தாள்.

"உடம்பெல்லாம் தோல் இருந்துச்சி. கம்பி அமுக்கற நாலு விரல்ல மட்டும் இல்ல. தொட்டியக் கலக்கிக் கூடப் பாத்தாங்க. கெடைக்கவேயில்ல. பொழைக்கணுமே, கிட்டார வித்துட்டேன். வாங்கினவருக்கு ஆள்காட்டி விரல்ல தோலு போச்சி. அவருகிட்ட வாங்கினவருக்கு நடுவிரலு. ரெண்டு பேருக்கும் அந்த விரல்ல உணர்ச்சி திரும்பவேயில்ல."

ஜெயகரன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியம்மாள் தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கிரேஸியின் பக்கம் திரும்பினாள்.

"சுண்டு விரல் ஒண்ணுதான் பாக்கி. அந்தக் கிட்டாரு இப்ப யாரு கையிலம்மா இருக்குது?"