வெந்நீரில் போட்ட சென்சார்

மர்பி டவுனில் கோவிந்தராஜனின் மெக்கானிக் கடைக்கு வெளியே ஓர் ஆணியில் எப்போதும் ஒரு சாவி தொங்கும். கடைக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைச் சாவி அது. விடியற்காலையில் தெரு கூட்ட வரும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் படும் பாட்டைப் பார்த்து அவராகவே மாட்டி வைத்தது. யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தெரு கூட்டும் ராதா சொல்லித்தான் தமயந்திக்கே தெரியும்.

தமயந்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கணவர் போன பிறகு, அவர் விட்டுப்போன பழைய வேன்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு போடுகிறது. பதினோரு பிள்ளைகள் அதில் போகிறார்கள். ஒரு வருஷம் ஆயுதபூஜை முடிந்ததும் வேனுக்கு ஒரு கேடு வந்தது. சூடு காட்டும் முள் திடீர் திடீரென்று சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. வேறொரு கராஜில் முள்ளைப் பார்த்ததுமே, "இன்ஜின் போச்சு, பிரிக்கணும். பிரிச்சாலும் பிரயோஜனமில்லை, வித்துடுங்க" என்றார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறு வண்டி பார்த்துவிட்டால் திரும்பி வருவார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை வேனைக் கழுவி, சாமி கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்த கோவிந்தராஜன் கடைக்கு ஆட்களை விட்டுத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"ஏம்மா தள்ளிட்டு வர்றே? ஓடாதா?"

"ஓடும் ராஜண்ணா. பயத்துல நேத்து ராத்திரியிலிருந்து ஸ்டார்ட் பண்ணலை."

அவர் சாவியை மட்டும் திருப்பினார். முள் விறுவிறுவென்று சிவப்புக்குப் போனது. இன்ஜின் மேல் கையை வைத்தார். சிரித்துவிட்டார்.

"ஓடாத இன்ஜின், ஜில்லுன்னு இருக்கு. முள்ளு மட்டும் கொதிக்குது. அதுக்கு என்ன கோவமோ!"

இன்ஜின் சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். முள் கீழே விழுந்தது. பிறகு சென்சாரைக் கழற்றி, குளிர்ந்த தண்ணீர் இருந்த கிண்ணத்தில் அதன் நுனியை முக்கி, மின்தடை அளக்கும் மீட்டரை வைத்தார். எதிர்க்கடை நாகேஷ் டீ போடும் வெந்நீரைக் கொண்டுவந்தான்.

"என்ன ராஜண்ணா, சாம்பாருக்கு முருங்கைக்காய் கிடைக்கலையா? இதைப் போட்டுட்டீங்க!"

"உன் டீயை விட இதுல ருசி இருக்கும், ஊத்துடா."

வெந்நீர் விழ விழ, மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. எங்கும் குதிக்கவில்லை, எங்கும் நிற்கவில்லை.

"சூடு ஏறினா நம்பர் எறங்கணும். சரியா எறங்குது பாரு. சென்சார் மேல தப்பில்லை" என்றவர், சென்சாரில் மாட்டும் ஒயர் முனையின் குழிக்குள் டார்ச் அடித்தார். ஒரு குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தார். துணி மஞ்சளும் சிவப்புமாக வந்தது. சந்தனம், குங்குமம்.

தமயந்திக்கு முகம் சுண்டிவிட்டது. பூஜையன்று ஒன்றையும் விடக்கூடாது என்று, கைக்கு எட்டிய ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்தது அவள்தான். வண்டி கழுவும்போதெல்லாம் அது ஈரமாகி, கரண்ட் போகக்கூடாத வழியில் போய், முள்ளை ஏற்றிவிட்டிருக்கிறது.

"சாமி குத்தமாயிடுச்சா அண்ணா?"

"சாமி என்னம்மா பண்ணும்? கொழந்தைக்குப் பொட்டு வெக்கறோம். கண்ணுக்குள்ளயா வெக்கறோம்? அடுத்த வருஷம் பானெட்டுக்கு வெச்சுட்டு நிறுத்திக்கோ."

எல்லாவற்றையும் காயவைத்து மாட்டினார். அதோடு விட்டுவிடவில்லை. ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்து, முக்கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முள் பாதிக்கு வந்து அப்படியே நின்றது. தமயந்தி கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள். அவரைக் கும்பிட்டால் திட்டுவார் என்று தெரியும். திங்கட்கிழமை பதினோரு பிள்ளைகளும் அதே வேனில் போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கடைக்கட்டடத்தை இடித்தார்கள். கோவிந்தராஜன் ஓசூரில் மகள் பிரபா வீட்டுக்குக் கிளம்பினார். தமயந்திதான் வேனில் கொண்டுபோய் பஸ் ஏற்றினாள். அடுத்து வந்த தை மாதமே அவர் சிவனடி சேர்ந்துவிட்டார். பஸ் ஏற்றிய அன்று ஜன்னல் பக்கத்தில் நின்று, "இனிமே வண்டிக்கு ஏதாவது ஆனா நான் யார்கிட்ட அண்ணா போவேன்?" என்று அழுதவளிடம் அவர் சொன்னார்:

"யார்கிட்ட வேணும்னாலும் போம்மா. பிரிக்கணும், விக்கணும்னு அவன் சொன்னா மட்டும், இன்ஜின் ஆறற வரைக்கும் ஒரு டீ குடி. அப்புறமா மறுபடியும் பாக்கச் சொல்லு."