மெரேசேனி காத்த சாவி

பிஜியின் தலைநகர் சுவாவில் எங்கள் அலுவலகத்தில் மெரேசேனிக்குச் ‘சாவிக்காரி’ என்று பெயர். வைத்தவன் எங்களோடு நிரல் எழுதும் அபெனிசா. வைக்கிற உரிமை அவனுக்கு உண்டு. அவள் தீவுக்காரர்களும் இவன் ஊர்க்காரர்களும் ஒரே குலதெய்வத்தின் வழி வந்தவர்கள் என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் ‘தௌவு’. தௌவு உங்களை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்யலாம், உங்கள் பொருளைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அசிங்கம் உங்களுக்குத்தான்.

நான் பிஜி இந்தியன், எங்களுக்குள் இந்த வழக்கம் கிடையாது. ஏழு வருஷமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்துப் பழகிவிட்டேன்.

“ஏய் சாவிக்காரி, உன் தீவுல வீட்டுக்குக் கதவே கிடையாது. இங்க வந்து பூட்டப் பத்திப் பாடம் நடத்துறியா?” என்பான் அபெனிசா, அவள் தட்டிலிருந்த மீனை எடுத்து வாயில் போட்டபடி.

“கதவு இருந்துச்சு. உங்க ஊர்க்காரனுங்க தூக்கிட்டுப் போயிட்டானுங்க. அப்பதான் பூட்டோட அருமை தெரிஞ்சுது,” என்பாள் அவள். தேங்காய்ப்பால் சொட்டுகிற கையால் அவன் முதுகில் ஒரு அறையும் விழும்.

மெரேசேனி பதினேழு வயதில் கப்பலேறி சுவாவுக்கு வந்தவள். பகலில் ஒரு வங்கியில் தரை துடைத்தாள், சாயங்காலம் கணினி படித்தாள். அவள் அக்கா, அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பிக் குழந்தையோடு ஒரு பெண்கள் காப்பகத்தில் ஒளிந்திருந்தாள். அதே காப்பகத்துக்கு இணையச் செயலி செய்யும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தபோது, மெரேசேனி யாரையும் கேட்காமல் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

எந்தப் பெண் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறாள் என்பது அந்தச் செயலியில் இருந்தது. எல்லாம் குறியாக்கம் செய்து பூட்டிய தகவல். திறக்க ஒரே சாவி. சாவி என்றால் நீளமான எழுத்துக் கோவை, அவ்வளவுதான். அதை நிரலுக்குள் யாரும் எழுதக் கூடாது என்பது மெரேசேனியின் சட்டம். நிரல் பத்துக் கணினிக்குப் போகும், வெளியாள் கைக்கும் போகும். சாவி தனிப் பெட்டகத்தில் இருக்கட்டும், செயலி ஓடும்போது அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்பாள். உண்மையான சாவியைப் பார்க்கும் அனுமதி அவள் ஒருத்திக்குத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவாள். அன்றைக்கு மட்டும் யார் கிண்டலுக்கும் சிரிக்க மாட்டாள்.

இவ்வளவு கறாரானவள் தன் கணினியைப் பூட்டியதில்லை. சாப்பாடு வாங்கப் போனால் திரை அப்படியே திறந்து கிடக்கும். அபெனிசா வந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பான், ரக்பி பார்ப்பான். தௌவு வரும்போது பூட்டி வைப்பது அவன் முகத்தில் துப்புகிற மாதிரி. அவளால் அது முடியாது.

ஆகஸ்டில் நிரலை வெளி நிறுவனம் ஒன்று சோதித்தது. நிரலில் செய்த மாற்றங்களின் வரலாற்றைத் துருவியபோது, இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு பதிவில் சாவி அப்பட்டமாக எழுதியிருந்தது. அன்று சாயங்காலமே இன்னொரு பதிவில் அந்த வரி நீக்கப்பட்டிருந்தது. நீக்கி என்ன? வரலாறு எதையும் மறப்பதில்லை. நிரலும், பூட்டிய தகவலின் நகலும் இன்னொரு ஒப்பந்தக்காரரிடமும் இருந்தன. பூட்டித்தானே இருக்கிறது என்ற தைரியத்தில் கொடுத்திருந்தோம்.

இரண்டு பதிவுக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர்: மெரேசேனி.

எங்கள் மேலாளர் பிரனீதா மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். மெரேசேனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் செய்யல மேடம். செய்வேனா நான்?” என்றாள். அபெனிசா தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

“இனிமே சாவி அபெனிசா பொறுப்பு,” என்றார் மேடம்.

“சரி மேடம்,” என்றான் அவன். அதற்கு மட்டும் வாய் திறந்தது.

காப்பகம் அன்றைக்கே மூன்று வீடுகளைக் காலி செய்தது. பதினொரு பெண்கள், குழந்தைகளோடு, கொட்டும் மழையில். தகவல் யார் கைக்காவது போனதா என்பது இன்றுவரை தெரியாது. மெரேசேனி புதுச் சாவி உருவாக்கி, பழைய தகவலையெல்லாம் அதனால் மறுபடி பூட்டி, பெட்டகத்தின் அனுமதியைத் தன் கையாலேயே அபெனிசாவுக்கு மாற்றிக் கொடுத்தாள்.

சாவி இருந்த பதிவின் நேரத்தை நான் அப்புறம்தான் கவனித்தேன். பகல் பன்னிரண்டே முக்கால். தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. செயலியைக் காட்டச் சொல்லிக் காப்பகத்தார் வந்த நாள் அது. அவள் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றாள், அபெனிசா அவள் நாற்காலியில் இருந்தான். நான் பார்த்தேன். வழக்கம்தானே என்று ரொட்டியைச் சுருட்டித் தின்றுகொண்டிருந்தேன்.

மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “காப்பகத்துக்குக் கடிதம் போயாச்சு ஷைலேஷ், அவ பேர் போட்டு. திறந்து போட்டுட்டுப் போனது அவதானே? விட்டுடு,” என்றார். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மெரேசேனியிடமும் சொன்னேன். அடுத்த நாள் மதியம் தன் மேசையில், மீனும் சேம்பும் தட்டில் வைத்துக்கொண்டு, எதிரே வந்து உட்கார்ந்த அபெனிசாவிடம் கேட்டாள்.

“நீயா?”

“ஆமா, நாந்தான்.” சிரித்தான். “செயலி கேட்டும் பெட்டகம் சாவி தரல. ரெண்டு மணிக்கு அவங்க வந்துடுவாங்க. உன்னக் கேட்டா ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவ. உன் திரையில பெட்டகம் திறந்து கெடந்துச்சு, சாவிய எடுத்து நிரல்ல ஒட்டிட்டேன். சாயங்காலமே உன் கணினியிலயே நீக்கிட்டேனே!”

“மேடம் கேட்டப்ப ஏன் சொல்லல?”

“எனக்கு மூணு புள்ளைங்க, வேலை போயிருக்கும். உன்ன அனுப்ப மாட்டாங்க, அது எனக்குத் தெரியும்.” அவள் முகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தான். “ஏய், தௌவுதானே? மீன எடுத்தேன், நாற்காலிய எடுத்தேன், சிரிச்ச. பேர எடுத்தா மட்டும் மொறைக்கிற?”

அவள் சிரிப்பாளா என்று அலுவலகமே பார்த்தது. அவன் கை வழக்கம்போல மீனுக்கு நீண்டது.

மெரேசேனி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவன் கை மேசைமேல் வெறுமனே கிடந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போவதற்கு முன் குனிந்து தன் கணினியைப் பூட்டினாள்.