மில் விளக்கென்று நினைத்த வெளிச்சம்

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு நூல் மில். அதன் பின்முற்றத்தில் உயரமான கம்பத்தில் ஒரு விளக்கு. ராத்திரி ஷிப்டுக்கு வந்துபோகும் பெண்கள் அந்த வெளிச்சத்தில்தான் முற்றத்தைக் கடப்பார்கள். அதைக் கழற்றச் சொல்லி மில் முதலாளியை ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி விண்மீன் மண்டலங்களைப் படமெடுப்பது என் பொழுதுபோக்கு. பங்குனியில் தோட்டத்திலிருந்து ஒரு பெரிய சுருள் மண்டலத்தையும் அதன் ஓரத்தில் ஒட்டினாற்போல் நிற்கும் சிறிய துணையையும் எடுத்தேன். சிறியதைச் சுற்றி மட்டும் சாம்பலைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு மங்கல். மில் விளக்குதான் என்று முடிவுகட்டினேன். இந்தப் பக்கம் படமெடுக்கிற நாங்கள் எதில் மங்கல் விழுந்தாலும் முதலில் மில்லைத்தான் திட்டுவோம், பிறகு கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவோம்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி இறங்கிவந்தார். "உங்க தொந்தரவு தாங்க முடியலீங்கண்ணா. சாயங்காலம் எலக்ட்ரீசியன் வாரானுங்க, கழட்டிப்போடறேன். பொண்ணுங்க டார்ச் அடிச்சுட்டுப் போகட்டும்."

மத்தியானம் படங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். மாசியில் வால்பாறை எஸ்டேட்டில் எடுத்த இதே மண்டலம், துடைக்கப்படாமல் கிடந்தது. திறந்தேன். அதே மங்கல், அதே இடத்தில், அதே வளைவுடன்.

வால்பாறையில் ஏது நூல் மில்?

இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். பிசிறில்லாமல் பொருந்தின. அப்படியென்றால் மங்கல் வானத்திலேயே இருக்கிறது. பெரிய மண்டலத்தின் ஈர்ப்பு, சிறியதன் கிட்டத்துப் பக்கத்தை அதிகமாகவும் அப்பாலுள்ள பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கும். அந்த வித்தியாசத்திலேயே சிறியது நீண்டு, உருக்குலைந்து, விண்மீன்கள் கழன்று வெளியே சிதறும். நம் பால்வெளியும் ஒரு குட்டி மண்டலத்தை இப்போது அப்படித்தான் பிய்த்துக்கொண்டிருக்கிறது. எத்தனையோ புத்தகங்களில் படித்தது. என் படத்திலேயே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. கறையென்று துடைத்துப்போட்டதெல்லாம் விண்மீன்கள்!

அப்போதுதான் ஜன்னல் வழியே பார்த்தேன். மில் கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

"கழட்டாதீங்க தம்பி!"

"ஏனுங்கண்ணா, மறுபடியும் என்னங்க?" ஏணியடியில் நின்ற முதலாளி கேட்டார்.

போனில் படத்தைக் காட்டினேன். மூச்சு வாங்கியது. "இது உங்க வெளிச்சமே இல்லீங்க. பெருசு குட்டியப் பிச்சுப்போட்டிருக்கு. சிதறுன நட்சத்திரமுங்க இது."

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "எவ்வளவு தூரத்துலீங்க?"

"அங்கிருந்து வெளிச்சம் இங்க வந்துசேரவே ரெண்டு கோடி வருசத்துக்கு மேலாகுமுங்க."

"அத்தனை தூரத்துல நடந்த அடிதடிக்கு என்ற லைட்டப் புடுங்கப் பாத்தீங்களாக்கும்!" மேலே பார்த்துக் கத்தினார். "டேய், மாட்டிட்டு எறங்கு. அண்ணனுக்குத் தெளிஞ்சிருச்சு."

பொழுது சாய்ந்ததும் விளக்கு எரிந்தது. பெண்கள் பேசிச் சிரித்தபடி முற்றத்தைக் கடந்து உள்ளே போனார்கள். வேலியோரம் நின்றிருந்த நான், கறையென்று துடைத்த பழைய படங்களின் மூலங்களைத் தேட வீட்டுக்குத் திரும்பினேன்.