நீளமான பதில்

நெஞ்சுநோய்ப் பாடம் எடுக்கும் அந்த டாக்டருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் மூச்சு மேடம். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது, கோபப்படவில்லை. ஏன், எப்படி என்று எதையும் குடைந்துகொண்டே இருப்பவருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்.

அந்த ஆண்டு கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சின்ன ரிமோட் கொடுத்தார்கள். திரையில் கேள்வியும் நான்கு பதில்களும் வரும். பட்டனை அமுக்கினால், எந்தப் பதிலுக்கு எத்தனை பேர் என்று வண்ணப் பட்டைகள் உயரும். யார் எதை அமுக்கினார்கள் என்பது மட்டும் தெரியாது.

மூச்சு மேடத்தின் வகுப்பில் சரியான பதிலின் பட்டை எப்போதும் உச்சியில் நின்றது. ஆனால் அதே பிள்ளைகள் வார்டில் நோயாளி முன்னால் திருதிருவென்று விழித்தார்கள். அது அவரை அரித்தது. பக்கத்தில் பார்த்து அமுக்குகிறார்களோ என்று இடம் மாற்றி உட்கார வைத்தார். பட்டை கொஞ்சமும் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்விகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், ரிமோட்டைக் கணவரிடம் நீட்டினார். அவர் கட்டட வரைபடம் போடுபவர். மருத்துவத்தில் அவருக்குத் தெரிந்தது தலைவலி மாத்திரையோடு சரி.

"சும்மா அமுக்குங்க, பார்ப்போம்."

அவர் டீயைக் குடித்துக்கொண்டே அமுக்கினார். முதல் பதில் சரி. அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும்.

"ஏங்க, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? நான் கேள்வியையே படிக்கல. எது நீளமா இருக்கோ அதை அமுக்கினேன்."

மேடம் திரையை உற்றுப் பார்த்தார். யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்று சரியான பதிலுக்கு மட்டும் 'பெரும்பாலும்', 'சிலருக்கு' என்று வால் சேர்த்திருந்தார். தவறான பதில்கள் மொட்டையாக நின்றன. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

உடனே திருத்த உட்கார்ந்தார். எழுதுவதும் கணவரிடம் நீட்டுவதுமாகப் பொழுது போனது. "எல்லாம் தப்பாயிருச்சு, என்னை ஃபெயிலாக்கிட்ட" என்று அவர் அலுத்துக்கொண்ட பிறகுதான் விட்டார்.

அடுத்த வகுப்பில் புதிய கேள்வி வந்தது. ஆஸ்துமா முற்றி ஒருவருக்கு வேகமாக மூச்சு வாங்குகிறது. இரத்தத்தில் கரியமில வாயு நார்மல். அவர் நிலை என்ன? 'தேறிவருகிறார்' என்ற பட்டைதான் உயர்ந்தது.

மேடம் சரி, தவறு எதுவும் சொல்லவில்லை. "பக்கத்துல இருக்கறவங்களோட பேசுங்க. உங்க பதில்தான் சரின்னு அவங்களை நம்ப வைங்க. அப்புறம் திரும்ப அமுக்கலாம்."

அரங்கு சந்தைக்கடை ஆனது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். ஜன்னலோரம் ஒரு மாணவி தோழியிடம் வாதாடிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு வேகமா மூச்சு விட்டா அந்த வாயு வெளிய போய்க் குறைஞ்சிருக்கணும்ல? குறையலைன்னா, மூச்சு விடுற தசை சோர்ந்துபோச்சுடி. தேறலை, விழப்போறாரு."

இரண்டாம் முறை 'ஆபத்தில் இருக்கிறார்' என்ற பட்டை ஏறியது. சிலர் மட்டும் பழைய பதிலை விடவில்லை. மேடம் அந்த மாணவி சொன்னதையே பலகையில் வரைந்து விளக்கினார்.

கடைசியாக இன்னொரு கேள்வி போட்டார்: இவ்வளவு நாளும் நீளத்தைப் பார்த்துத்தான் அமுக்கினீர்களா?

"பேர் தெரியாது. பயப்படாம அமுக்குங்க."

'ஆம்' மெல்ல மெல்ல ஏறி உச்சிக்குப் போனது. முதலில் சிரித்தது மேடம்தான்.

சில வாரங்கள் கழித்து, வார்டிலிருந்து ஒரு மாணவன் அவரைத் தேடி வந்தான். "மேடம், வார்டுல ஒரு ஆஸ்துமாக்காரருக்கு கரியமில வாயு நார்மல்னு ரிப்போர்ட். ஆனா இன்னும் மூச்சு வாங்குது. எனக்கு சரியாப் படலை."

மேடம் விரைந்தார். உடனே நோயாளியைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். அவர் பிழைத்து எழுந்தார்.

"அன்னைக்கு நீ எதை அமுக்கின?" என்று பிறகு மேடம் கேட்டார்.

"தேறிவர்றாருன்னுதான் மேடம். ரெண்டு தடவையும். அதான் மறக்கவே இல்ல."

சரியாக அமுக்கியவர்களுக்கு இந்த அளவு நினைவிருக்குமா? அதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று யோசித்தபடியே மேடம் மாடிப்படி இறங்கினார்.